ஐம்பதாவது கை

நாற்பத்தொரு வயதில் ரத்தம் எடுக்கும் படிப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் என் அண்ணி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். அண்ணனும் அண்ணியும் சலவைக் கடை வைத்திருக்கிறார்கள். பதினோரு வருடம் அங்கே இஸ்திரி போட்டவள் நான். அடுத்தவர் சட்டையை நீவி நீவி என் பாதி ஆயுள் ஆவியாகப் போய்விட்டது.

"போ, போ. உன் டேபிளை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள் அண்ணி. "ரெண்டு மாசத்துல திரும்பி வந்து நிப்ப. அப்போ இடம் இல்லேன்னா பாவமில்ல?"

பாவமாம்! அந்த ஒரு சொல்லுக்காகவே, செத்தாலும் அந்த மேஜைக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதல் மாதம் ரப்பர் கை. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒற்றைக் கை, உள்ளே சிவப்புத் தண்ணீர். கத்தாது, இழுத்துக்கொள்ளாது, "மெதுவாம்மா" என்று முனகாது. அதனிடம் நான் புலி. வீட்டு மனிதர்கள்தான் சரியில்லை. அந்தக் கொளுத்தும் வெயிலில் என் கணவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். என் மகள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பெற்ற பெண்! நான் ஊசியைக் கையில் எடுத்தேனா? சும்மா அவர்கள் கையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படிப்பில் சேர்ந்த பிறகு எனக்கு மனிதர்களின் முகமே தெரியாமல் போய்விட்டது. முழங்கை மடிப்புதான் தெரியும். ஒருநாள் பேருந்தில் ஒருவர் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடடா, என்ன நரம்பு! நேராக, தடியாக, பளிச்சென்று. என் ஆள்காட்டி விரல் தானாகப் போய் அதை அமுக்கிப் பார்த்துவிட்டது.

"என்னம்மா பண்றீங்க?" என்று அவர் அலறினார்.

"நல்லா இருக்குங்க. அதான்" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அது என் நிறுத்தமே இல்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பயிற்சி நடந்த ஆய்வுக்கூடத்திலேயே இருபது வருடமாக ரத்தம் எடுத்தவர். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினால் ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும் என்பது விதி. அதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, அவருக்கு 'ஒருநிமிஷம் சார்' என்றே பெயர் ஆகிவிட்டது. சிரிக்க மாட்டார். திட்டவும் மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைவிட அவர் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

அவரிடம்தான் எங்கள் பதிவேடு. ஐம்பது பேரிடம் ஒழுங்காக ரத்தம் எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: தேதி, எந்தக் கை, எந்த நிற மூடி போட்ட குழாய், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சாரின் கையெழுத்து. ஐம்பது கையெழுத்து இருந்தால்தான் சான்றிதழ். திங்கட்கிழமை காலை பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு நேர்முகத் தேர்வு. பதிவேடு நிறைந்திருந்தால் மட்டும் வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை என் பதிவேட்டில் நாற்பத்தொன்பது கையெழுத்து இருந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. அன்றோடு எங்கள் வகுப்பும் முடிகிறது, மதியம் ஒரு மணிக்குக் கூடத்தை மூடிவிடுவார்கள்.

அன்றைக்குப் பார்த்துப் பேய் மழை.

மழையில் யார் ரத்தம் கொடுக்க வருவார்கள்? காத்திருக்கும் கூடத்தில் இருபது நாற்காலியும் காலி. என்னோடு படித்த இன்னொருத்தி இருந்தாள். ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். பென்சில் என்று கூப்பிடுவோம். அவளுக்கும் நாற்பத்தொன்பதுதான். இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழைக்கு ஒதுங்க வந்த தபால்காரர் எங்கள் இருவரின் பார்வையையும் பார்த்துவிட்டு மறுபடி மழைக்குள்ளேயே இறங்கி நடந்தார்.

ஒன்பதரைக்கு ஒரு மலை உள்ளே வந்தது. ஆள் ஆறடி, அதற்கேற்ற அகலம். கட்டடம் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுபவராம். கையில் கம்பெனி கொடுத்த படிவம்.

"போன மாச செக்கப்ல சக்கரை கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்க" என்றார். "இந்த டெஸ்ட்ல சக்கரை வியாதின்னு வந்துட்டா என்னைக் கிரேன்லேர்ந்து எறக்கி ஸ்டோர் ரூம்ல போட்டுடுவாங்க. நட்டு போல்ட்டு எண்ணணும். மேலயே உக்காந்து பழகின ஆளும்மா நான். கீழ உக்கார வெச்சா செத்துடுவேன்."

சார் படிவத்தைப் படித்தார். "வெறும் வயித்துல ஒரு தடவை ரத்தம் எடுக்கணும். அப்புறம் சக்கரைத் தண்ணி குடிச்சிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை. நடுவுல சாப்பிடக் கூடாது. சிகரெட் கூடாது. அங்க இங்க நடக்கக் கூடாது. உக்காந்தே இருக்கணும்."

ஒரே ஆள், இரண்டு தடவை! எனக்கும் பென்சிலுக்கும் ஒன்றொன்று! கடவுளே நேரில் வந்து பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்க பெரியவங்க. எது வேணுமோ நீங்களே எடுத்துக்குங்க" என்றாள் பென்சில்.

இங்கேதான் என் அதிகப்பிரசங்கித்தனம். முதல் தடவை அந்த ஆள் பயத்தில் கையை இறுக்கிக்கொண்டிருப்பார், இரண்டு மணி நேரம் போனால் பழகிவிடுவார், எனக்கு வெண்ணெய் மாதிரி வேலை முடியும் என்று கணக்குப் போட்டேன். "நீ முதல்ல எடுத்துக்கோ, சின்னப் பொண்ணு" என்று பெருந்தன்மை காட்டினேன். பென்சில் நாற்பது விநாடியில் எடுத்து முடித்தாள். சார் கையெழுத்துப் போட்டார். அவள் கைகழுவிக்கொண்டு போய் ஜன்னலோரம் மழை பார்க்க உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது! எனக்கு வயிறு எரிந்தது.

கிரேன்காரர் சக்கரைத் தண்ணீரைக் குடித்து முடித்தபோது மணி ஒன்பதே முக்கால்.

"பதினொண்ணே முக்கால் வரைக்கும் இவர் உங்க பொறுப்பு" என்றார் சார். "ஒரு நிமிஷம்கூட விடாதீங்க."

விடுவேனா? அவர் பக்கத்து நாற்காலியில் ஒட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவர் சட்டைப் பையைத் தடவினார். "ஒரே ஒரு சிகரெட், வாசல்ல நின்னு..."

"குடுங்க" என்று பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பத்தேகாலுக்குக் கால் மரத்துவிட்டது, ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். "உக்காருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஜன்னலோரம் பென்சில் எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். பத்தரைக்குக் கழிப்பறை போனார். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று, "உள்ளதானே இருக்கீங்க?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"எங்கம்மா போவேன்? ஜன்னல் என் தலை சைஸ்கூட இல்ல" என்று உள்ளேயிருந்து பாவமாகக் குரல் வந்தது.

எதிர்க்கடை ஒரு ரொட்டிக்கடை. கதவு திறக்கும்போதெல்லாம் வாசனை எங்கள் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் மூக்கு அந்தப் பக்கமே திரும்பியது. நான் நாற்காலியோடு அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். தண்டனை கொடுக்கப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் கை மட்டும் சும்மா இல்லை. இல்லாத லீவரை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தது.

"என்னத்தைத் தூக்குறீங்க?" என்று கேட்டேன்.

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. கதை சொல்ல ஆரம்பித்தார். நல்ல கதைக்காரர் வேறு, பாவி.

"ஒருநாள் ஆறாவது மாடிக்கு ஒரு குளியல் தொட்டி ஏத்தணும். கீழ கட்டிட்டோம்னு கை காட்டினாங்க. நான் தூக்கிட்டேன். நாலாவது மாடி உசரத்துக்கு வந்ததும் குனிஞ்சு பாக்குறேன், தொட்டிக்குள்ள ரெண்டு கால்."

"ஐயையோ! யாரு?"

"கான்ட்ராக்டரோட மச்சான். வேலை செய்யாம எங்கயாவது போய்த் தூங்குறதுதான் அவர் வேலை. அன்னைக்குத் தொட்டிக்குள்ள படுத்து, மூஞ்சி மேல பேப்பரைப் போட்டுத் தூங்கியிருக்கார்."

"முழிச்சுக்கிட்டாரா?"

"இருங்கம்மா, சொல்றேன்."

காலையில் ஐந்தரைக்கு எழுந்தவள் நான். ஒரு டீயோடு ஓடி வந்தவள். சொல்லப்போனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அவரைவிட எனக்குத்தான் பசி. கதை கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துத் திறந்தேன். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே முட்டைப் பொரியல். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது தனியாகச் சாப்பிட்டு எனக்குப் பழக்கமே இல்லை. என் அம்மா என்னை அப்படி வளர்க்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் கை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம்தான் நீளும்.

"அப்புறம்?" என்றபடி ஒரு துண்டை நீட்டினேன்.

"அஞ்சாவது மாடிகிட்ட வரும்போது" என்றபடி அவர் அதை வாங்கி ஒரு கடி கடித்தார், "காத்து அடிக்குது. தொட்டி ஆடுது. மச்சான் அப்படியே புரண்டு படுக்குறார்."

"அட கடவுளே!" நான் இன்னொன்று நீட்டினேன். நானும் ஒன்று தின்றேன்.

"நான் மேலேர்ந்து கத்துறேன். கீழ இருக்கறவங்க சரி சரின்னு கை காட்டறாங்க."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க." மூன்றாவதையும் அவர் கையில் வைத்தேன்.

இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. ஆமாம், என் வாயிலிருந்துதான். அது காதில் விழுந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அவர் வாய் நிறைய ரொட்டி. பெட்டியில் ஒரு துண்டுதான் மிச்சம். மணி பதினொன்று இருபது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"துப்புங்க!" என்றேன்.

அவர் பயந்துபோய் மடக்கென்று விழுங்கிவிட்டார்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒண்ணரை மணி நேரம் சிகரெட்டிலிருந்து காப்பாற்றினேன், ரொட்டிக்கடையிலிருந்து காப்பாற்றினேன், கழிப்பறை வாசலில் காவல் நின்றேன். கடைசியில் நானே ஊட்டாத குறையாகக் கொடுத்திருக்கிறேன்! எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கன்னத்தில் நானே இரண்டு போட்டுக்கொண்டிருப்பேன். பென்சில் இருந்ததால் விட்டேன். அவள் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் உள்ளறையில். யாரும் பார்க்கவில்லை.

கிரேன்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "நான் சொல்ல மாட்டேன்மா. நீங்களும் சொல்லாதீங்க. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம். குத்தி எடுத்துக்குங்க. முடிஞ்சது."

முடிந்ததுதான். ஊசி ஏறும், ரத்தம் வரும், குழாய் நிறையும், ஐம்பதாவது கையெழுத்து விழும். திங்கட்கிழமை நான் நேர்முகத் தேர்வில். ரத்தம் ரத்தம்தானே, அதில் ரொட்டி என்று எழுதியா ஒட்டியிருக்கும்? ஐந்து நிமிடம் இப்படியே யோசித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே யோசித்தேன்.

ஆனால் அவர் கை மடியில் இல்லாத லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. என் ரொட்டியும் சேர்ந்து சக்கரை ஏறி, அந்தத் தாளில் ஒரு எண் வரும். அதைப் பார்த்துவிட்டு இவரைக் கீழே இறக்கி நட்டு எண்ண வைப்பார்கள். நான் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கேயோ நல்லா இருப்பேன். சீ, என்ன பிழைப்பு அது?

எழுந்தேன். உள்ளறைக்குப் போனேன்.

"சார், அவர் சாப்பிட்டுட்டார்."

"யார் குடுத்தா?"

"ரொட்டி சார். முட்டை வெச்சது."

"என்னன்னு கேக்கல. யார் குடுத்தான்னு கேட்டேன்."

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். எவ்வளவு நேரம் துடைத்தார் என்று கேட்காதீர்கள்.

"டெஸ்ட் கேன்சல்" என்றார். "ரத்தம் எடுக்க வேண்டாம். மாடியில இருக்கிற டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அவ்வளவுதான். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, ஓவென்று அழுதேன். அண்ணி எனக்காகக் காலியாக வைத்திருக்கும் மேஜையும் இஸ்திரிப் பெட்டியும் கண் முன்னால் வந்து நின்றன. அடுத்த வகுப்பு ஆறு மாதம் கழித்து. ஆறு மாதமும் அவள் "பாவம்" என்பாள். பென்சில் ஓடி வந்து முதுகைத் தடவினாள். கிரேன்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியில் மிச்சமிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வேண்டாம் போங்க!" என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் வாங்கித் தின்றேன். பசி.

பன்னிரண்டரைக்கு சார் வெளியே வந்தார். "டாக்டர் மூணு மாசச் சக்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்றார். மூணு மாசமா சராசரி எவ்வளவு சக்கரைன்னு அது காட்டும். இன்னைக்கு என்ன சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்ல. கம்பெனிக்கு அவரே எழுதித் தர்றாராம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டாவது ஊசி யாரோட முறை?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"இவங்களா?" கிரேன்காரர் நாற்காலியில் பின்வாங்கினார். "இவங்க இப்போதான் சார் அழுதாங்க. கை நடுங்குது பாருங்க. நான் வேணா திங்கக்கிழமை வரேன்."

வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. சாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். அவர் எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட ஆரம்பித்துவிட்டார். கெஞ்சலாமா, காலில் விழலாமா என்று யோசித்தேன். வாயில் வந்தது வேறு.

"கதையை முடிக்காம எங்க போறீங்க? அஞ்சாவது மாடியில ஒரு மனுஷனை ஊஞ்சலாட விட்டுட்டு வீட்டுக்குப் போவீங்களா? உக்காருங்க!"

அவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு கதைக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"உங்க பேரு, பிறந்த தேதி நீங்களே சொல்லுங்க" என்றேன். சொன்னார். பட்டையைக் கட்டினேன். விரல் வைத்துத் தேடினேன். அவ்வளவு பெரிய கையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால், ஆழத்தில் மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. பஞ்சால் துடைத்தேன். ஊதாமல் காயவிட்டேன். என் கை நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"ம், சொல்லுங்க. புரண்டு படுத்தார். அப்புறம்?"

"அப்புறம் என்ன பண்றது? கீழ எறக்கினா ஆட்டத்துல முழிச்சு எழுந்து நின்னுடுவார். அதனால ஒரு பூவை எடுத்து வைக்கிற மாதிரி ஆறாவது மாடிக் குளியலறையிலேயே கொண்டு வெச்சுட்டேன். தரைன்னு அவருக்கே தெரியாது. அவ்வளவு மெதுவா."

ஊசி உள்ளே போய்விட்டது. குழாயைச் செருகினேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் ஏறியது. பட்டையை அவிழ்த்தேன்.

"அரை மணி கழிச்சு எழுந்து உக்காந்து பாக்குறார். நாலு பக்கமும் சுவர். 'யாருய்யா என் மேல வீடு கட்டினது'ன்னு ஒரே சத்தம்!"

நான் சிரித்தேன். பென்சில் சிரித்தாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதற்குள் ஊசியை எடுத்துப் பஞ்சை அமுக்கிவிட்டேன்.

"எப்போம்மா குத்துவீங்க?" என்று கேட்டார்.

குழாயை எட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அவர் எதிரிலேயே சீட்டு ஒட்டினேன். சார் குழாயைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து ஐம்பதாவது வரியில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"குறிப்புல நடந்ததை எழுதுங்க. உங்க கையால."

"சார், இதைத் திங்கக்கிழமை அவங்க பாப்பாங்க சார்!"

"ஆமா."

"சார், ஒரே ஒரு வரி விட்டுட்டா..."

"எழுதினா கையெழுத்து. இல்லேன்னா இல்ல."

எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். 'நோயாளிக்கு நானே ரொட்டியும் முட்டையும் கொடுத்துச் சோதனையைக் கெடுத்தேன். பிறகு வேறு சோதனைக்கு ரத்தம் எடுக்கப்பட்டது.' சார் படித்தார். "எத்தனை துண்டுன்னும் சேருங்க" என்றார். மூன்று என்று சேர்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

கிரேன்காரருக்குச் சக்கரை வியாதி இல்லை, எல்லைக்குள்தான் நிற்கிறது என்று திங்கட்கிழமை காலை பென்சில் போன் செய்தாள். அவர் மேலேயே இருப்பார். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன்.

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைமை டாக்டரம்மா என் வயதுக்காரர். மேஜை மேல் ஏற்கெனவே ஏழெட்டுப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. என்னுடையதை வாங்கி வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். குறிப்புக் கட்டத்தில் நன்று, நன்று, நன்று. நாற்பத்தொன்பது நன்று. ஐம்பதாவது வரியில் விரல் நின்றது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் மேஜை எனக்கு மிக அருகில் வந்துவிட்டது.

"இதை யாராவது பாத்தாங்களா?"

"இல்லீங்க."

"பின்ன எப்படித் தெரிஞ்சது?"

"நான்தான் சொன்னேன்."

அவர் அந்த அடுக்கைத் தள்ளி வைத்தார். "காலையிலேர்ந்து முன்னூத்தம்பது நன்று படிச்சிருக்கேன். ஒருத்தர்கூட ஒரு தப்பும் பண்ணலையாம். எதை நம்பறதுன்னே தெரியல. இந்த ஒரு வரியைத்தான் நம்ப முடியுது." மூக்கைச் சுருக்கிச் சிரித்தார். "நாளைக்கே வந்து சேருங்க. ஒரே ஒரு கண்டிஷன். உங்க சாப்பாட்டுப் பெட்டி என் ரூம்லதான் இருக்கணும்."

எனக்கு அழுகையும் வந்தது, வாயும் வந்தது. வாய்தான் முந்திக்கொண்டது.

"வெக்கிறேன் டாக்டர். ஆனா நீங்க எடுத்துச் சாப்பிட்டா, எத்தனை துண்டுன்னு எழுதி வெச்சுடுவேன்."